பினாங்கில் சளி பிடித்தால்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு கைவைத்திய வழிகாட்டி

பினாங்குக்கு வந்த புதிதில் பலரையும் சளி ஒரு கை பார்த்துவிடும். வெளியே கொளுத்தும் வெயில், பேருந்திலும் அலுவலகத்திலும் நடுங்க வைக்கும் ஏர்கோன், ஒரே அறையில் நாலைந்து பேர் படுக்கும் விடுதி, உடம்புக்குப் பழக்கமில்லாத புதுக் கிருமிகள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வந்தவரானாலும் சரி, பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவரானாலும் சரி, கல்யாணமாகி வந்த பெண்ணானாலும் சரி, ஒருநாள் காலையில் தொண்டை கரகரத்துக்கொண்டுதான் கண் விழிப்பீர்கள். ஊரென்றால் அம்மா கஷாயம் வைத்துத் தந்திருப்பார். இங்கே மிளகு எந்தக் கடையில் கிடைக்கும் என்பதே தெரியாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் அதிகம் பிடிப்பது ரைனோவைரஸ். இவற்றைக் கொல்லும் கஷாயமும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. ஏழு முதல் பத்து நாளில் உடம்பே விரட்டிவிடும். ‘மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள்’ என்று பெரியவர்கள் கிண்டலடிப்பது சரியான கணக்குத்தான். அப்புறம் கைவைத்தியம் எதற்கு? அந்த ஒரு வாரம் மூக்கு வழியாக மூச்சு வர, தொண்டையில் சோறு இறங்க, ராத்திரி தூக்கம் வர. இந்த மூன்றில் ஒன்றுக்காவது உதவாத வைத்தியத்தை இங்கே சேர்க்கவில்லை.

முதல் படி: சளிதானா என்று பாருங்கள்

இதைத் தாண்டிவிட்டு நேராக இஞ்சி தட்டப் போகாதீர்கள். ஊரில் டெங்கு என்பதை இங்கே டிங்கி என்பார்கள். மலேசியாவில் அது ஆண்டு முழுவதும் இருக்கிறது. முதல் நாள் உடம்பு வலியும் காய்ச்சலுமாக வரும்போது, ‘மழையில் நனைந்தேன், சளி பிடித்துவிட்டது’ என்று கஷாயம் வைத்துக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

வித்தியாசம் இப்படி. சளி மெதுவாக வரும்: முதலில் தொண்டை அரிப்பு, பிறகு தும்மல், மூக்கொழுகல், லேசான அசதி. பெரியவர்களுக்குக் காய்ச்சல் இருக்காது, இருந்தாலும் குறைவு. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். டிங்கி திடீரென்று 39, 40 பாகைக் காய்ச்சலோடு வரும். கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, எலும்பை முறிப்பது போன்ற உடம்பு வலி, சில சமயம் தோலில் சிவப்புத் தடிப்பு. மூக்கு பெரும்பாலும் ஒழுகாது. மூக்கு ஒழுகாமல் காய்ச்சல் மட்டும் கொதித்தால் அதைச் சளிக் கணக்கில் எழுதாதீர்கள். பக்கத்துக் கிளினிக்குக்குப் போய் டிங்கி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். முதல் சில நாட்களில் எடுக்கும் என்.எஸ்.1 பரிசோதனையிலேயே தெரிய வாய்ப்புண்டு.

இன்னொன்று: டிங்கியில் மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கும் நேரம்தான் மோசமான நேரம். ‘காய்ச்சல் விட்டுவிட்டது, கஷாயம் கேட்டது’ என்று சந்தோஷப்படும் அதே சமயத்தில் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்திருக்க முடியாத சோர்வு வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

இன்ஃபுளுவென்சா காய்ச்சலும் திடீரென்றுதான் வரும், ஆளைப் படுக்கையில் சாய்த்துவிடும். கோவிட் சந்தேகம் இருந்தால் மருந்துக்கடையில் சுயபரிசோதனைக் கருவி வாங்கிப் பார்த்துவிடலாம், விலை சில வெள்ளிதான். ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம், இப்போதே பழகிக்கொள்ளுங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரையான மாதங்களில் சில ஆண்டுகள் புகைமூட்டம் சூழும். அப்போது வரும் தொண்டை எரிச்சலும் வறட்டு இருமலும் கிருமியால் வந்தவையாக இருக்க வேண்டியதில்லை. காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை என்று கணக்கு. ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயே இருங்கள். கஷாயம் அங்கே அதிகம் உதவாது.

சாமான் வாங்கும் இடம்

ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார், லெபோ பினாங்கு, லெபோ குவீன் ஆகிய தெருக்களில் மளிகைக் கடைகளும் நாட்டு மருந்து வைத்திருக்கும் கடைகளும் இருக்கின்றன. லெபோ குவீனில் 1833இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதை அடையாளமாக வைத்துக்கொண்டால் வழி தவறாது. அங்கே தமிழிலேயே கேட்கலாம். சுக்கு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை, பனங்கருப்பட்டி எல்லாம் அங்கேதான் எளிதில் கிடைக்கும்.

இஞ்சி, பூண்டு, எலுமிச்சைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஜாலான் பினாங்கில் உள்ள சௌராஸ்தா சந்தை, ஆயர் ஈத்தாம் சந்தை, உங்கள் வீட்டுப் பக்கத்துக் காலைப் பாசார் எதுவும் போதும். அங்கே மலாய்ப் பெயர் தெரிந்தால் வேலை சுலபம். இஞ்சி ஹாலியா. அதிலும் ‘ஹாலியா துவா’ என்று முற்றிய இஞ்சி கேளுங்கள். ‘ஹாலியா மூடா’ இளசு. ஊறுகாய்க்கு நன்றாக இருக்கும், கஷாயத்தில் காரம் பிடிக்காது. பகாங்கிலிருந்து வரும் பெந்தோங் இஞ்சி விலை கூடுதல், ஆனால் அதன் காரத்துக்குப் பாதி அளவு போதும். பூண்டு பாவாங் பூத்தே. மஞ்சள் குஞ்ஞிட். மிளகு லாடா ஹீத்தாம்; ‘லாடா பூத்தே’ என்பது வெள்ளை மிளகு, அதை எடுத்துவிடாதீர்கள். சரவாக் மிளகு என்று போட்டிருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

சீரகத்தில்தான் புதிதாக வந்தவர்கள் தடுமாறுவார்கள். சீரகம் ‘ஜிந்தான் பூத்தே’, சோம்பு ‘ஜிந்தான் மானிஸ்’, கருஞ்சீரகம் ‘ஜிந்தான் ஹீத்தாம்’. மூன்றும் பக்கத்துப் பக்கத்துப் பொட்டலமாகத் தொங்கும். ரசத்துக்குச் சோம்பைப் போட்டுவிட்டால் சளியோடு வருத்தமும் சேர்ந்துவிடும்.

எலுமிச்சைக்கு ‘லீமாவ் நீப்பிஸ்’ கேளுங்கள். அதைவிடச் சின்னதாக, கோலிக்குண்டு அளவில் இருப்பது ‘லீமாவ் கஸ்தூரி’. வெந்நீரில் பிழிந்து குடிக்க எனக்கு இதுதான் பிடிக்கும், மணம் அதிகம். தேன் வாங்கும்போது ‘மாடு கெலுலுட்’ என்று ஒன்று கண்ணில் படும். கொடுக்கில்லாத சிறு தேனீயின் தேன் அது, தண்ணீராகவும் புளிப்பாகவும் இருக்கும். நல்ல பொருள்தான். ஆனால் தொண்டையில் பிசின் போலத் தங்கி இதம் தர வேண்டுமென்றால் சாதாரணக் கெட்டித் தேனே மேல், மலிவும் கூட. கருப்பட்டி கிடைக்காத நாளில் ‘கூலா மலாக்கா’ கைகொடுக்கும். தென்னம்பாளையின் பதநீரில் காய்ச்சியது அது. வாசனை வேறு, வேலை ஒன்றுதான்.

சித்தரத்தைக்குப் பதிலாகச் சந்தையில் ‘லெங்குவாஸ்’ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது பேரரத்தை, உறவுதான், ஆள் வேறு. ரெண்டாங் கறிக்குப் போடுங்கள்.

கற்பூரவல்லியை நாங்கள் யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. எந்தத் தமிழர் வீட்டு வாசலைப் பார்த்தாலும், அடுக்குமாடி வீடாக இருந்தாலும், ஒரு தொட்டியில் இருக்கும். ‘அக்கா, சளி பிடிச்சிருக்கு, நாலு இலை பறிச்சுக்கவா?’ என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். கேட்கும்போதே ஒரு கிளையையும் ஒடித்து வாங்கி வந்து நட்டுவிடுங்கள், இந்த மண்ணில் தானாக வேர் பிடிக்கும். நொச்சி தேடுபவர்களுக்கு ஒரு செய்தி: கெடா, பினாங்குப் பக்கம் ‘நாசி லெமுனி’ என்று ஒரு சோறு விற்பார்கள். அந்த லெமுனி நொச்சியின் நெருங்கிய இனம், மணமும் அதே சாயல்.

முதல் இரவு

தொண்டை கரகரத்த அன்றைக்கே செய்ய வேண்டியவை எளிமையானவை, செலவும் இல்லை.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு கலந்து, அண்ணாந்து தொண்டையில் நிறுத்திக் கொப்பளித்துத் துப்புங்கள். காலை, மாலை, படுக்கும்முன். மஞ்சள் ஒரு சிட்டிகை சேர்ப்பது உங்கள் விருப்பம். வாஷ்பேசின் கறையாகும், வாடகை வீட்டில் யோசித்துச் செய்யுங்கள்.

மூக்கடைப்புக்கு உப்புநீர் விட்டுக் கழுவுவது நல்ல பலன் தரும். ஆனால் ஒரு கண்டிப்பு: குழாய்த் தண்ணீரை நேராக மூக்கில் விடக்கூடாது. கொதிக்க வைத்து ஆறிய நீரில் மட்டும். குழாய்த் தண்ணீரில் எப்போதாவது இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போய் உயிரைப் பறிக்கும். அரிதிலும் அரிது, ஆனால் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஐந்து நிமிஷம்தான் ஆகும். இந்த வேலையே வேண்டாமென்றால் மருந்துக்கடையில் உப்புநீர் ஸ்பிரே விற்கிறது.

படுக்கும்முன் ஒரு ஸ்பூன் தேனை நக்கிச் சாப்பிடுங்கள். தண்ணீர் கலக்க வேண்டாம். நம் கைவைத்தியங்களில் இருமலுக்கு ஆய்வுகளின் ஆதரவு ஓரளவு இருப்பது தேனுக்குத்தான். தலையணையை ஒன்று கூட்டி வைத்துத் தலையைச் சற்று உயர்த்திப் படுத்தால் மூக்கிலிருந்து தொண்டைக்கு வடிவது குறையும், நடுராத்திரி இருமலும் குறையும்.

ஏர்கோனை 16 பாகையில் வைத்துப் போர்வைக்குள் சுருண்டுகொள்ளும் பழக்கம் இங்கே பலருக்கு இருக்கிறது. குளிர் சளியை உண்டாக்குவதில்லை. ஆனால் ஏர்கோன் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும், மூக்கும் தொண்டையும் காய்ந்து எரியும். 25, 26 பாகையில் வையுங்கள், அல்லது அணைத்துவிட்டு மின்விசிறியோடு ஜன்னலைத் திறங்கள். அறைத் தோழரோடு இதற்காகச் சண்டை வரும். சளி அவருக்கும் பிடித்ததும் சமாதானம் ஆகிவிடும்.

மிளகு ரசம், சமையலறை இல்லாதவர்களுக்கும்

சளிக்கு ஒரே ஒரு வைத்தியம்தான் செய்ய முடியும் என்றால் நான் ரசத்தைத்தான் சொல்வேன். சூடான நீர், உப்பு, மிளகின் காரம், பூண்டின் வாசனை, பசியே இல்லாதபோதும் சோற்றை உள்ளே தள்ளும் புளிப்பு, எல்லாம் ஒரே கிண்ணத்தில் வந்துவிடும். காரம் பட்டதும் மூக்கு கரைந்து ஒழுகுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

இரண்டு பேருக்கு: நெல்லிக்காய் அளவு புளியை ஒரு டம்ளர் வெந்நீரில் ஊறவைத்துக் கரையுங்கள். புளி இங்கே ‘ஆசாம் ஜாவா’. மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், தோலோடு ஐந்து பல் பூண்டு, மூன்றையும் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். உரல் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கனமான கிளாஸின் அடியால் நசுக்கினால் போதும். மை போல அரைத்தால் ரசம் கசக்கும். பழுத்த தக்காளி ஒன்றைக் கையால் பிசைந்து புளிக்கரைசலில் சேர்த்து, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு, கறிவேப்பிலை போட்டுப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்க விடுங்கள். பிறகு தட்டியதைச் சேர்த்து இரண்டு டம்ளர் நீர் ஊற்றுங்கள். இதற்குப் பிறகு கொதிக்கவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டி மேலே எழும்பி வரும்போது அடுப்பை அணைத்து, கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு மூடிவிடுங்கள்.

விடுதியில் அடுப்புக்கு அனுமதி இருக்காது, ரைஸ் குக்கர் இருக்கும். அதிலேயே இதே வரிசையில் செய்யலாம். தாளிப்பை மறந்துவிடுங்கள், மூடியைத் திறந்தே வையுங்கள், நுரை வந்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனால் ரசம் தரையில்தான் இருக்கும்.

சோற்றைக் குழைய வைத்து இந்த ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிடலாம், அல்லது டம்ளரில் ஊற்றி அப்படியே குடிக்கலாம். நெஞ்செரிச்சல், வயிற்றுப் புண் உள்ளவர்கள் மிளகைப் பாதியாக்குங்கள்.

சுக்குமல்லியும் கற்பூரவல்லியும்

சுக்குமல்லிக் காபிக்குக் கட்டை விரல் நீளச் சுக்கைத் தட்டி, மல்லிவிதை இரண்டு டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன் சேர்த்து வெறும் சட்டியில் லேசாக வறுத்துப் பொடியுங்கள். மூன்று டம்ளர் நீரில் போட்டு இரண்டு டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, கருப்பட்டி தட்டிப் போட்டு வடிகட்டுங்கள். மாலை நேரத்துக்கு இது. காபித்தூள் சேராததால் தூக்கம் கெடாது. பொடியை மொத்தமாகச் செய்து வைக்கிறவர்கள் மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள்; இந்த ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்த பொடி சீக்கிரம் பூசணம் பிடித்துவிடும்.

கற்பூரவல்லி இலை நாலைந்தைக் கழுவி, தணலில் அல்லது சூடான தோசைக்கல்லில் வாட்டினால் துவண்டுவிடும். பிழிந்தால் ஒரு டீஸ்பூன் சாறு வரும். அதோடு சம அளவு தேன். அடுப்பில்லாதவர்கள் இலையைக் கிழித்து டம்ளரில் போட்டுக் கொதிநீர் ஊற்றி மூடி, பத்து நிமிஷம் கழித்துக் குடிக்கலாம். மஞ்சள் பால் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு சிட்டிகை மிளகுத்தூள் சேர்த்தால் மஞ்சளில் உள்ள குர்குமின் உடம்பில் நன்றாகச் சேரும் என்பது மட்டும் கூடுதல் செய்தி.

நாட்டு மருந்துக் கடையில் ஆடாதோடைப் பொடியும் கிடைக்கும். இருமலுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து, ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்து உருவானதுதான். அந்த அளவுக்கு வீரியம் உள்ள மூலிகை என்பதால்தான் எச்சரிக்கையும் வேண்டும்: கர்ப்பிணிகள் தொடக்கூடாது, கருப்பையைச் சுருங்க வைக்கும். அதிமதுரத்தை ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இஞ்சி, மஞ்சள், பூண்டைச் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தேன், கருப்பட்டி, கூலா மலாக்கா மூன்றும் சர்க்கரைதான். ‘நாட்டுச் சர்க்கரை ஒன்றும் செய்யாது’ என்று எந்தப் பெரியம்மா சொன்னாலும் நம்ப வேண்டாம்.

பொட்டலத்தில் அடைத்து விற்கும் லேகியம், ஜாமு எனும் மலாய் மூலிகை மருந்து, மாத்திரை வாங்குவதானால் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பாரம்பரிய மருந்தென்றால் எண் ‘டி’ (T) எழுத்தில் முடியும். எண் இல்லாமல், ‘ஒரே நாளில் சளி போகும்’ என்று விற்பதில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாகச் சுகாதார அமைச்சு எச்சரித்த சம்பவங்கள் உண்டு.

கடையில் குடிப்பதென்றால்

மாமாக் கடைகள் பல இரவு முழுக்கத் திறந்திருக்கும். நடத்துபவர்களில் பலர் தமிழ் முஸ்லிம்கள், தமிழில் சொன்னாலே புரியும். ‘அண்ணே, தே ஓ ஹாலியா ஒண்ணு, கூராங் மானிஸ்’ என்றால் பால் இல்லாத இஞ்சித் தேநீர், இனிப்புக் குறைவாக. வெறும் ‘தே ஹாலியா’ என்றால் கெட்டிப்பால் ஊற்றி இனிக்க இனிக்க வரும். ‘தே ஓ லீமாவ் பானாஸ்’ சூடான எலுமிச்சைத் தேநீர். ‘பானாஸ்’ என்பதை அழுத்திச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஐஸ் போட்டு வந்து நிற்கும்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் ரசத்தை மட்டும் தனியாகப் பையில் கட்டித் தருவார்கள். ‘ரசம் பொங்குஸ்’ என்றால் போதும். சீன மருந்துக் கடைகளில் கறுப்புப் பாகு போல ‘பெய் பா கோ’ என்று ஓர் இருமல் மருந்து கிடைக்கும். தேன் சேர்ந்தது, தொண்டைக்கு இதம்தான்.

ஆவி, தைலம்

ஆவி பிடிப்பதால் சளி சீக்கிரம் போகும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. பிடிக்கும் அந்தக் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கிறது, அவ்வளவுதான். அதற்காக விடுதிக் கட்டிலில் கொதிநீர்ச் சட்டியை மடியில் வைத்துப் போர்வையால் மூடிக்கொள்வது வேண்டாத வேலை; வெந்த தொடையோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். குளியலறைக் கதவைச் சாத்தி வெந்நீர் ஷவரைத் திறந்துவிட்டுப் பத்து நிமிஷம் நின்றால் அதே சுகம் கிடைக்கும்.

தைலத்துக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. ஊரிலிருப்பவர்கள் வாங்கி வரச் சொல்லும் கோடாலித் தைலம் இங்கே மூலைக்கு மூலை கிடைக்கும். சிங்கப்பூரில் 1928இல் தொடங்கிய நிறுவனம் அது. பினாங்குக்கே உரியது ஜாதிக்காய்த் தைலம். பாலிக் பூலாவ் பக்கத்துத் தோட்டங்களில் விளையும் ஜாதிக்காய் எண்ணெயாகவும் தைலமாகவும் வரும். மார்பிலும் முதுகிலும் தேய்க்கக் கதகதப்பாக இருக்கும். மெந்தால் கலந்த தைலங்கள் மூக்கடைப்பைத் திறப்பதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டி, காற்று தாராளமாகப் போவதுபோல நினைக்க வைக்கின்றன. தூங்குவதற்கு அந்த நினைப்பே போதும். மூக்குத் துளைக்குள் மட்டும் பூசாதீர்கள்.

பத்தியம்

தயிர், வாழைப்பழம், இளநீர், தலைக்குக் குளியல் எல்லாம் ஒரு வாரம் தள்ளி வை என்று ஊரிலிருந்து போனில் உத்தரவு வரும். பக்கத்து வீட்டுச் சீன அம்மா வேறொரு பட்டியல் தருவார், அதில் நம் மிளகும் இஞ்சியுமே உடம்புச் சூடு என்று தள்ளப்பட்டிருக்கும். பால் பொருள்கள் சளியைக் கூட்டுவதாக ஆய்வுகளில் உறுதியாகவில்லை. சாப்பிட்டால் தொண்டை கட்டுவதுபோலத் தோன்றினால் விடுங்கள், இல்லையென்றால் சாப்பிடுங்கள். மூக்கடைத்துப் பசியில்லாமல் கிடக்கும் ஆள் எதைச் சாப்பிட முடிகிறதோ அதைச் சாப்பிடுவதுதான் முக்கியம். கொய்யாப்பழம் இங்கே தெருவெங்கும் வெட்டி விற்பார்கள், வைட்டமின் சி அதில் ஏராளம்.

வீட்டில் குழந்தை இருந்தால்

இங்கே விளையாட்டு வேண்டாம். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் விதை குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் போட்யூலிசம் நோயைக் கொண்டுவரும். காய்ச்சினாலும் அந்த விதை சாகாது. ‘பெய் பா கோ’வும் இதே கணக்கில் சேரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ் கலந்த தைலம் வேண்டாம். மலேசியாவில் குழந்தை பிறந்தவுடன் ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பிறவிக் குறையான ஜி6பிடி குறைபாடு உண்டா என்று சோதிப்பார்கள். உண்டு என்று குறித்திருந்தால் எந்த மூலிகையையும் தைலத்தையும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். மூக்கில் இரண்டு சொட்டு உப்புநீர், அடிக்கடி தாய்ப்பால், இவையே கைக்குழந்தைக்குப் போதுமான கைவைத்தியம். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 பாகை தொட்டால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பெட்டியில் கொண்டு வந்த மாத்திரைகள்

ஊரிலிருந்து வரும் எல்லார் பெட்டியிலும் ஒரு மருந்துப் பை இருக்கும். அதில் உள்ள டோலோ 650 மில்லிகிராம் பாராசிட்டமால். இங்கே கடையில் வாங்கும் சாதாரணப் பனடோல் 500 மில்லிகிராம், அதுவும் பாராசிட்டமால்தான். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது: 500 என்றால் எட்டு மாத்திரை, 650 என்றால் ஆறு. சளிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் கல்லீரல் பதில் சொல்லும். டிங்கி இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபென், பொன்ஸ்டன் வகை வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டும்.

மிச்சம் வைத்திருந்த அசித்ரோமைசின் சளிக்கு உதவாது. அது பாக்டீரியாவுக்கான மருந்து. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதால் மட்டும் ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது. இங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் அது கிடைக்காது, அது நல்ல ஏற்பாடு. கோடீன் கலந்த இருமல் சிரப்பைக் கொண்டு வராதீர்கள், கட்டுப்பாடு கடுமை. மூக்கொழுகலுக்கான சில மாத்திரைகள் தூக்கத்தை இழுத்துக்கொண்டு வரும். பாலத்தைத் தாண்டி மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் தூக்கம் வராத வகையைக் கேட்டு வாங்குங்கள். மூக்கடைப்புக்கு விடும் மருந்துச் சொட்டை மூன்று நாலு நாளோடு நிறுத்திவிடுங்கள், நீட்டினால் அதுவே மூக்கை அடைக்கும்.

கிளினிக், எம்.சி.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், காது வலித்தால், பத்து நாளாகியும் குறையாமல் முகம் கனத்து வலித்தால், ஒருமுறை குறைந்து மறுபடி காய்ச்சலோடு திரும்பினால் கஷாயத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இருமல் மட்டும் சளிக்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். ஆனால் எடை குறைவு, ராத்திரி வியர்வை, சளியில் ரத்தம் சேர்ந்தால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆஸ்துமா, இருதய நோய், சர்க்கரை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். அவசரத்துக்கு 999. ஜோர்ஜ்டவுனில் ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் பினாங்கு அரசாங்க ஆஸ்பத்திரியை நாங்கள் பெரிய ஆஸ்பத்திரி என்போம். வாடகைக் கார் ஓட்டுநரிடம் ‘ஹோஸ்பிட்டல் புலாவ் பினாங்’ என்று சொல்லுங்கள். வெளிநாட்டவருக்கு அங்கே கட்டணம் குடிமக்களைவிடக் கூடுதல். கடப்பிதழைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வேலைக்கு வந்தவர்கள் சளி வருவதற்கு முன்பே ஒரு வேலை செய்துவையுங்கள்: நிறுவனத்தின் பேனல் கிளினிக் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போனால் பெரும்பாலும் கையிலிருந்து காசு போகாது. வீட்டில் ரசம் குடித்துப் படுத்திருந்தேன் என்பதற்கு எம்.சி. கிடைக்காது, மருத்துவச் சான்றிதழ் வேண்டுமென்றால் உடம்பு முடியாத அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 22. எம்.சி. கையில் இருந்தாலும், விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரியப்படுத்தாவிட்டால் அனுமதியின்றி வராதவர் கணக்கில் எழுதிவிடலாம். கிளினிக் வாசலிலேயே படம் எடுத்து வாட்சப்பில் மேற்பார்வையாளருக்கு அனுப்பிவிட்டு, அசல் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.